கிறவல் பாதையும் ஆற்றங்கரையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் சுவிஸ் கிளை பேர்ண் நகரில் நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் வரலாற்றைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் செயலாளர் தங்கச்சி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் அந்தச் சைக்கிள் விஷயத்தைக் கதையுங்கோ" என்றார். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மலையடிவாரத்தில் சைக்கிள் ஓடித் திரிகிறாள் என்பது நம்மவரிடையே கொஞ்சம் சிரிப்புக்கு உரிய செய்தியாகப் பரவியிருப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்தபின் நான் சொல்வதையும் கேளுங்கள்.

எங்கள் காலத்தில் கல்லூரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சைக்கிளில் வந்தவர்கள். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை, முன்கூடையில் புத்தகப் பை. ஒழுங்கையில் மூன்று பேர் சேர்ந்து வந்தால் பின்னால் வரும் மாட்டு வண்டிக்கு வழி இராது. 1990ஆம் ஆண்டிற்குப் பிறகு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. அரிசி மூடையும் விறகும் நோயாளியும் அதில்தான் போனார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நான் அப்பாவின் பழைய றலி சைக்கிளில் அம்மாவை இருத்தி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஓட இடமில்லை, தள்ளத்தான் முடிந்தது. இங்கே இருக்கும் பலர் அந்த இரவைத் தெரிந்தவர்கள். நான் விபரிக்கத் தேவையில்லை.

அதன்பின் இருபத்தைந்து வருடங்கள் நான் சைக்கிளில் ஏறவில்லை. 1997இல் இந்த நாட்டிற்கு வந்தேன். வேலைக்குப் புகையிரதம், கடைக்கு பஸ், கோயிலுக்கு யாராவது ஒருவருடைய கார். யன்னலுக்கு வெளியே மலையும் ஆறும் தெரிந்தன. அவை கலண்டர்ப் படம் போல இருந்தன. எனக்கு உரியவையாக ஒருநாளும் தோன்றவில்லை.

2020ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தொற்றுநோய் வந்தது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள். வீட்டில் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல. புகையிரதத்தில் போகப் பயமாக இருந்தது. மகள் தன் சைக்கிளைத் தந்து, "அம்மா, ஆற்றங்கரையால் போனால் ஆட்களே இல்லை, இதில் போங்கோ" என்றாள். அது சாதாரண சைக்கிள் அல்ல. ரயர் அகலம்; கைபிடி பந்தயச் சைக்கிளைப் போல வளைந்தது. "இது கிறவல் பைக், அம்மா" என்றாள். கிறவலா என்று கேட்டேன். ஊரில் தார் போடாத, செம்மண்ணும் சிறுகல்லும் கொட்டிய வீதியை நாம் கிறவல் றோட்டு என்போமே, அதே சொல்தான். அதை அன்று எனக்கு விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த வகைச் சைக்கிள் அமெரிக்காவின் பண்ணை நாட்டுக் கல் வீதிகளில் வளர்ந்தது. கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கிய நீண்ட ஓட்டப் போட்டி அதைப் பரவச் செய்தது. 2022இல் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் இத்தாலியின் வெனெற்றோ பகுதியில் முதலாவது உலகச் சம்பியன் போட்டியையும் நடத்தியது. நாங்கள் போவது போட்டிக்கு அல்ல. எங்களுக்குத் தேவையானது அதன் மூன்று குணங்கள். முதலாவது, 40 மில்லிமீற்றர் அளவில் அகலமான ரயர். பந்தயச் சைக்கிளைப் போல அதில் காற்றை இறுக்கி அடிப்பதில்லை. என் எடைக்கு 2.5 பார் போதும். ரயர் சற்று மெத்தென்று இருந்தால்தான் கல்லில் வழுக்காது. கையும் முதுகும் அதிராது. இரண்டாவது, மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறக்கூடிய மெதுவான கியர். மூன்றாவது, ஈரத்திலும் பிடிக்கும் தட்டுப் பிறேக். புதிதாக வாங்க வேண்டியதில்லை. வசந்த காலத்தில் பல ஊர்களில் பழைய சைக்கிள் சந்தை நடக்கிறது. மேடு கடினம் என்பவர்களுக்கு மின்சார மோட்டர் பூட்டியதும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனிப் பாதைகள். நான் திரும்பத் திரும்பப் போகும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தூண் நகரிலிருந்து பேர்ணுக்கு ஆரே ஆற்றோடு வருவது. சுமார் 30 கிலோ மீற்றர். தூணுக்குப் புகையிரதத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஆறு ஓடும் திசையில் இறங்கி வரவேண்டும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆரே ஆறு முழுவதும் இந்த நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் மிக நீளமானது. பனிமலையில் பிறந்து, பிரியன்ஸ் ஏரியையும் தூண் ஏரியையும் கடந்து, பேர்ணைச் சுற்றிப் போய், கோப்லென்ஸ் என்ற ஊரில் ரைன் ஆற்றில் சேருகிறது. அதன் கரையோடு போகும் 8ஆம் இலக்கத் தேசிய சைக்கிள் பாதை 300 கிலோ மீற்றருக்கு மேல். நாம் ஓடுவது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

இந்த ஆற்றைப் பார்த்தால் எப்போதும் இப்படியே ஓடியது போலத் தோன்றும். அப்படியல்ல. தூணுக்கும் பேர்ணுக்கும் இடையில் அது முன்னர் பல கிளைகளாகப் பிரிந்து, கல்லும் மணலும் பரப்பி ஓடியது. 1714இல் கண்டர் என்ற ஆற்றைத் தூண் ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். அதனால் தூண் நகருக்கே வெள்ளம் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆரேயை நேராக்கி அணை கட்டினார்கள். இன்று நாம் ஓடும் பாதையின் பல துண்டுகள் அந்த அணையின் பக்கம் உள்ளவைதான். இப்போது சில இடங்களில் அணையைத் தளர்த்தி, ஆற்றுக்கு அதன் பழைய இடத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்படியான இடங்களில் புதிய கல்மேடுகளும் சிறு தீவுகளும் தெரியும். இடம் பறிபோனவர்களுக்கு அதைப் பார்க்க ஒரு நிம்மதி வரும். எனக்கு வந்தது.

இரண்டாவது பாதை எம்மே ஆற்றோடு. புர்க்டோர்ப் நகரிலிருந்து லங்னவ் வரை, 20 கிலோ மீற்றருக்குச் சற்றுக் கூட. ஆற்றை எதிர்த்து மேலே போகிறோம்; ஆனால் மொத்த ஏற்றம் 140 மீற்றர் அளவுதான். ஆற்றின் குறுக்கே படிப்படியாகத் தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். கோடையில் அதில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஆனால் இது நம்பக்கூடாத ஆறு. மலையில் இடிமழை பெய்தால், கீழே வெயில் எறிக்கும்போதே வெள்ளம் சுவர் போல வரும். 1837 ஓகஸ்ட் 13ஆம் திகதி அப்படி வந்த வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கை அழித்தது. லூற்செல்ஃப்ளூ கிராமத்தில் போதகராக இருந்த அல்பேர்ட் பிற்சியூஸ் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எரேமியாஸ் கொற்ஹெல்ஃப் என்ற புனைபெயரில் இந்த நாட்டவர் எல்லோரும் அறிந்த எழுத்தாளர் அவர்தான். அந்த வெள்ளத்திற்குப் பிறகு, 1839இல், ஹாஸ்லே-ரூக்சவ் என்னுமிடத்தில் ஆற்றுக்கு நடுவே தூண் ஒன்றுமே இல்லாமல் ஒரே வளைவில் மரப்பாலம் கட்டினார்கள். 58 மீற்றர் அகலத்தை ஒரே தாவலில் கடக்கிறது. பின்னர் அதைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்தார்கள், இன்றும் நிற்கிறது. மேலே கூரை, உள்ளே மரவாசம். மழைக்கு ஒதுங்கி நின்று தேநீர் குடிக்க அதைவிட நல்ல இடம் நான் காணவில்லை.

மூன்றாவது பாதை லங்னவிலிருந்து மேலே, கோல் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாக லூடெரன்அல்ப் மேட்டுக்கு. சுமார் 1,140 மீற்றர் உயரம். லங்னவிலிருந்து 450 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். மேலே நின்றால் ஒரு பக்கம் ஐகர், மொன்க், யுங்ஃப்ராவ் என்ற பனிமலைகள் வரிசையாகத் தெரியும். மறுபக்கம் ஜூரா மலைத்தொடர். வாசன், சுமிஸ்வால்ட் பக்கமாக இறங்கலாம். இடையிடையே காட்டுக்குள் கல்வீதிகள். பாதையோரத்து வெட்டில் ஒரு விசித்திரமான பாறையைக் காண்பீர்கள். கூழாங்கற்களைச் சீமெந்தில் பதித்தது போல இருக்கும். அல்ப்ஸ் மலை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கற்கள் அவை. இறுகிப் பாறையாகி, இந்தக் குன்றுகளாக நிற்கின்றன. மழை அவற்றை மறுபடியும் கரைத்து எம்மே ஆற்றுக்குள் அனுப்புகிறது. எங்கள் ரயருக்கு அடியில் சரசரக்கும் கல் அவ்வளவு தூரம் பயணம் செய்த கல். ஆறே இல்லாத, சுண்ணாம்புக் கல்லும் கிணறும் மட்டும் உள்ள ஊரில் பிறந்த எனக்கு இது புதினமாக இருந்தது.

இந்த மூன்றாவது பாதையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்று மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

2022 கோடையில் நாங்கள் நான்கு பழைய மாணவிகள் போனோம். ஒருவர் என் வகுப்புத் தோழி. பத்து வருடமாக நீரிழிவு, இன்சுலின் போடுபவர். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். அன்று விடிய வெளிக்கிடும் அவசரத்தில் வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டு, அரைத்துண்டு பாணோடு வந்துவிட்டார். மேட்டில் பாதி ஏறும்போது கதைப்பதை நிறுத்தினார். பிறகு சைக்கிள் கோணலாகப் போனது. இறங்கச் சொன்னால் காரணமில்லாமல் கோபித்தார். முகம் வியர்த்து, கை நடுங்கியது. சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. எங்கள் நால்வரின் பையிலும் தேடினோம். தண்ணீரும் கச்சானும்தான் இருந்தன. கச்சான் அந்த நேரத்திற்கு உதவாது. உடனே இரத்தத்தில் சேரும் சீனி வேண்டும்.

கொஞ்சம் மேலே ஒரு பண்ணை வீடு. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் வந்தார். நான் சொன்ன அரைகுறை ஜேர்மன் வசனம் முடியும் முன்பே உள்ளே போய், இனிப்பு அப்பிள் சாறு ஒரு போத்தல் கொண்டு வந்தார். தோழி ஒரு குவளை குடித்து, பத்து நிமிடத்தில் நிமிர்ந்தார். பிறகு அந்த அம்மா எங்கள் எல்லோரையும் முற்றத்து மேசையில் இருத்திப் பாணும் சீஸும் வைத்தார். சாப்பிட்டால்தான் மறுபடியும் இறங்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய கணவரும் ஊசி போட்டவராம்.

சாப்பிடும்போது அவர் கேட்டார், "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" இருபத்தைந்து வருடமாக நான் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. "இலங்கையிலிருந்து, 1997இல்..." என்று தொடங்கினேன். அவர் கையை அசைத்தார். "அதில்லை. எந்தப் பக்கத்தால் ஏறி வந்தீர்கள், கோல் பக்கமா, வாசன் பக்கமா?"

கோல் பக்கம் என்றேன். "அது கடினமான பக்கம்" என்று தலையாட்டினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த நாட்டில் ஒருவர் என்னை வழிப்போக்கராக நினைத்து வழியைக் கேட்டது அதுதான் முதல் முறை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததும் அதுதான் முதல் முறை. ஏனென்றால் அந்த வழியை நான் என் காலால் ஏறி வந்திருந்தேன்.

இதனால்தான் உங்களையும் வரச் சொல்கிறேன். நம்மில் எத்தனை பேர் சமையலறை, துவைப்பிடம், முதியோர் இல்லம் என்று நின்று நின்றே உழைத்து, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம்? எத்தனை பேருக்குச் சீனி, எத்தனை பேருக்கு முழங்கால்? பிள்ளைகள் வளர்ந்து போனபின் பின்னேரங்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் தனித்து இருப்பவர்கள் எத்தனை பேர்? சைக்கிள் எல்லாவற்றையும் மாற்றாது. ஆனால் வாரத்தில் ஒருநாள் மூன்று மணித்தியாலம் தோழியோடு ஆற்றங்கரையில் போனால், அன்று இரவு நித்திரை வரும். அதற்கு நான் உத்தரவாதம்.

வருபவர்களுக்குச் சில சொற்கள். நாங்கள் பிழைவிட்டுப் படித்தவை.

இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். ஊசியின் அளவையும் சாப்பாட்டையும் ஓடும் நாளுக்கு எப்படி மாற்றுவது என்று அவர்தான் சொல்லவேண்டும். குளுக்கோஸ் குளிசையோ பழச்சாறோ சட்டைப் பையில் இருக்கட்டும், பின்பைக்குள் அல்ல. எங்கள் குழுவில் இப்போது நால்வரும் வைத்திருக்கிறோம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் அதற்குப் பிறகு.

சைக்கிள் பாதைக்குச் சிவப்புப் பலகை. நடப்பவர்களின் பாதைக்கு மஞ்சள் பலகை. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருந்தால் வாகனத்திற்குத் தடை, சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். ஆரே ஓரத்தில் சில துண்டுகள் நடப்பவர்களுக்கு மட்டும். அங்கே சிவப்புப் பலகை உங்களை உள்ளே திருப்பும். திரும்புங்கள். நடப்பவருக்கு எப்போதும் முதலிடம். தூரத்திலேயே மணி அடித்து, வேகம் குறைத்து, வணக்கம் சொல்லிக் கடக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தின் படலையைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டப் போகவேண்டாம். காவல் நாய் ஓடி வந்தால் இறங்கி, சைக்கிளைப் பக்கத்தில் பிடித்தபடி மெதுவாக நடவுங்கள்.

கல்வீதியில் இறங்கும்போது வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் முன்பிறேக்கை இறுக்கினால் விழுவது நிச்சயம். என் இடது முழங்கையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. கோடையில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும். ஆகவே விடிய வெளிக்கிட்டு மத்தியானத்திற்குள் இறங்குங்கள். மேலே கறுத்தால் ஆற்றுப் படுக்கையில் இருந்து சாப்பிட வேண்டாம். மின் அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் வெயில் நாளிலும் நீர் திடீரென உயரும். எச்சரிக்கைப் பலகை இருக்கும். ஊர்க் கிணறு போல இங்கே ஒவ்வொரு கிராமத்திலும் நீர்த்தொட்டி உண்டு. குடிக்கக்கூடாது என்று எழுதியிராவிட்டால் போத்தலை நிரப்பலாம். அம்புலன்சுக்கு 144, மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. இரண்டையும் இன்றே தொலைபேசியில் பதியுங்கள்.

2018 செப்டெம்பர் 23ஆம் திகதி இந்த நாட்டு மக்கள் 73.6 சதவீத வாக்குகளால் சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். அதற்கான சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியுரிமை பெற்ற நம்மவரும் அன்று வாக்களித்தோம். ஆகவே இந்தப் பாதைகள் யாரோ நமக்கு இரவல் தந்தவை அல்ல. நம் வரியும் வாக்கும் அதில் இருக்கின்றன.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிக்கு இன்றும் தூரத்துக் கிராமங்களிலிருந்து கிறவல் றோட்டால் நடந்து வரும் பிள்ளைகள் இருப்பதாக ரீச்சர் காலையில் சொன்னார். மே மாதத்து முதல் ஞாயிறு தூணிலிருந்து பேர்ணுக்கு ஓடுவோம். ஓடும் ஒவ்வொரு கிலோ மீற்றருக்கும் ஒரு பிராங் சேர்ப்போம். அது அந்தப் பிள்ளைகளுக்குச் சைக்கிளாகப் போகட்டும். ஓட முடியாதவர்கள் பேர்ணில் தேநீரோடு நில்லுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஓர் ஆறு இருக்கும். அதற்கு ஒரு கரையும் இருக்கும். அதே ஞாயிறு நீங்களும் வெளிக்கிடலாம்.

காலை எட்டு மணிக்குத் தூண் புகையிரத நிலைய வாசலில் நிற்பேன். மழை என்றால் அடுத்த ஞாயிறு.